வண்ண வடிவப் புதிர்கள் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தேவையா?

பாம்பன் மாலை வகுப்பு எழுதியது:

பாம்பனில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பதினான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். போன வியாழக்கிழமை நடந்த ஒன்று மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

கடையில் வாங்கிய பயிற்சிப் புத்தகத்தில் நான்கு படங்கள்: பெரிய சிவப்பு வட்டம், பெரிய சிவப்புச் சதுரம், பெரிய நீல வட்டம், சிறிய சிவப்பு வட்டம். "சேராதது எது?" என்று கேள்வி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சிறிய வட்டத்தைச் சுழித்திருந்தாள். விடைப் பக்கத்தில் நீல வட்டம் என்றிருந்ததால், எனக்கு உதவியாக வரும் பிளஸ் டூ மாணவி பெருக்கல் குறி போட்டுவிட்டாள். பிள்ளை அழவில்லை. "குஞ்சை வலையிலிருந்து எடுத்துத் திரும்பக் கடலில்தானே விடுவார்கள்? அப்படியென்றால் அதுதானே சேராதது?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. சதுரம் என்று சொல்லியிருந்தாலும் சரி, நீலம் என்றிருந்தாலும் சரி. மற்ற மூன்றுக்கும் ஆளுக்கொரு வித்தியாசம் இருக்கிறது, பெரிய சிவப்பு வட்டத்துக்கு மட்டும் அப்படி ஒன்றும் இல்லை, ஆகவே அதுதான் தனி என்று ஒரு பிள்ளை வாதிட்டால் அதையும் ஏற்க வேண்டும். நான்கு விடையும் பொருந்துகிற கேள்விக்கு ஒரே விடையை அச்சடித்து, ஏழு வயதுப் பிள்ளையின் நியாயத்துக்குத் தப்புப் போட வைக்கிறார்கள்.

ஆனாலும் வண்ண வடிவங்களை நான் விடப் போவதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஸோல்தான் டீனெஷ் (1916–2014) பெயரால் வழங்கும் தருக்கக் கட்டைகளைச் செய்யலாம் என்றிருக்கிறேன். வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம் என நான்கு வடிவம், சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று நிறம், பெரிது, சிறிது, தடித்தது, மெலிந்தது. பெருக்கினால் 48 துண்டு. எந்த இரண்டும் ஒன்றுபோல் இராது. ஒரு துண்டை வைத்தால், அதிலிருந்து ஒரே ஒரு குணம் மட்டும் மாறிய துண்டைத்தான் அடுத்து வைக்கலாம் என்று ஓர் ஆட்டம் உண்டு. இங்கே யாராவது பிள்ளைகளோடு ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?

மண்டபம் நாட்டுப்படகு எழுதியது:

டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வகைபிரிக்கத் தெரிந்திருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்கு அட்டை வெட்ட வேண்டும்?

எங்கள் கரையில் நீலக்கால் நண்டு வந்து இறங்குகிறது. என் மகன் ஐந்து வயதிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்துக் கூடையில் போட்டான். திருப்பிப் பார்த்தால் ஆணின் வயிற்று மடல் ஒடுங்கிய முக்கோணமாக இருக்கும், பெண்ணுக்கு அகன்று வட்டமாக இருக்கும். மேலே பார்த்தால் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பச்சை கலந்த பழுப்பு. சினை பிடித்த நண்டு என்றால் மடலுக்குள் முட்டை தெரியும். முட்டை மஞ்சளாக இருந்தால் பொரிக்க நாளாகும், கறுத்துவிட்டால் இன்றோ நாளையோ. வடிவம், நிறம், அளவு எல்லாம் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணமும் இருக்கிறது. உங்கள் சிவப்பு வட்டத்துக்கு என்ன காரணம்?

வீட்டில் இருப்பதைப் படிப்பு என்று எண்ணாமல், வெளியிலிருந்து வந்ததை மட்டும் படிப்பு என்று எண்ணும் பழக்கம் நம்மை விட்டுப் போகவே இல்லை. என்னைப் பள்ளியை விட்டு விரட்டியது அந்தப் பழக்கம்தான். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

பாம்பன் மாலை வகுப்பு எழுதியது:

அண்ணன், உங்கள் கோபம் நியாயமானது. நண்டை நாளைக்கே வகுப்புக்குக் கொண்டு வருகிறேன். ஆனால் காரணம் இல்லாததுதான் சிவப்பு வட்டத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

இதே பிள்ளைகளிடம் முன்பு படகு வைத்து ஒரு புதிர் போட்டேன். மூன்று படகுகள் வரிசையாக நிற்கின்றன. சிவப்புப் படகு முதலில் இல்லை. மஞ்சளுக்கு வலப்பக்கம் ஒட்டியே நீலம் நிற்கிறது. வரிசையைச் சொல்லுங்கள். ஒரு பையன் அசையவே இல்லை. "சிவப்புப் படகு எங்கள் சித்தப்பாவுடையது, அது எப்போதும் முதலில்தான் நிற்கும்" என்றான். நான் தந்த குறிப்பைவிட அவன் கண்ட சித்தப்பா பெரியவர். அதையே மூன்று வண்ண வட்டங்களாக வெட்டிக் கொடுத்தேன். மஞ்சளும் நீலமும் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டுபோல் நகர வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடித்தான். அந்தச் சோடி முன்னால் நிற்கலாம், அல்லது சிவப்புக்குப் பின்னால் நிற்கலாம். சிவப்பு முதலில் வரக் கூடாது. ஆக மஞ்சள், நீலம், சிவப்பு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, சொல்லப்பட்டதிலிருந்து மட்டும் முடிவுக்கு வருவது தனிப் பழக்கம். கரையில் அதற்கு இடம் குறைவு. அங்கே தெரிந்ததை வைத்துத்தான் பிழைக்க முடியும்.

கீழக்கரை வாசகர் எழுதியது:

நான் மண்டபம் காக்கா (அண்ணன்) பக்கம். உளவியலில் இதற்குச் சான்று இருக்கிறது.

பீட்டர் வேசன் 1966-இல் ஒரு சோதனையை எழுதி வைத்தார். நம் எழுத்தில் சொல்கிறேன். நான்கு அட்டைகள், ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை அ, க், 4, 7. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்க வேண்டும்" என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? அ-வின் பின்னால் ஒற்றை எண்ணோ, 7-இன் பின்னால் உயிரெழுத்தோ இருந்தால்தான் விதி மீறல், ஆகவே அ, 7 இரண்டையும் திருப்ப வேண்டும். படித்த பெரியவர்களிலேயே மிகச் சிலர்தான் சரியாகச் சொன்னார்கள். 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதே புதிரை வேறு உடையில் கொடுத்தார்கள்: பீர் குடிக்கிறவருக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், மேசையில் இருப்பவை பீர், கோலா, 22 வயது, 16 வயது என்று நான்கு அட்டைகள். பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டும் ஒரே புதிர்தான். வாழ்க்கையில் பழகிய விதி வந்ததும் மனம் நேராக நடக்கிறது.

ஆகவே காரணமே இல்லாத வட்டத்தையும் சதுரத்தையும் ஆறு வயதில் கொடுப்பது, பெரியவர்களே வழுக்கி விழும் இடத்தில் பிள்ளையை நிறுத்துவது போன்றது.

பாம்பன் மாலை வகுப்பு எழுதியது:

அதே சோதனை எனக்கும் துணை நிற்கிறது, ஐயா. பீர் விதியில் சரியாகச் சொன்னவர்கள் எழுத்து அட்டையில் ஏன் தடுமாறினார்கள்? பழகிய இடத்தில் நடந்த நடை, பழகாத இடத்துக்கு அவர்களோடு வரவில்லை. பிள்ளை வளர்ந்து பழகாத இடங்களுக்குத்தான் போகப் போகிறாள். வழுக்கும் இடம் என்று தெரிந்தால் கையைப் பிடித்து நடத்தலாமே தவிர, அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உச்சிப்புளி அம்மா எழுதியது:

நீங்கள் இருவரும் பேசாத ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது பாதி நேரம் வடிவத்தில் இல்லை, வாக்கியத்தில்.

என் மகளுக்கு வந்த தாளில் மூன்று வட்டங்கள்: இரண்டு சிவப்பு, ஒன்று நீலம். கீழே "எல்லா வட்டங்களும் சிவப்பு இல்லை. சரியா, தவறா?" என்று கேட்டிருந்தார்கள். அவள் தவறு என்று எழுதினாள். "இரண்டு சிவப்பாக இருக்கிறதே அம்மா" என்றாள். விடைத்தாளில் சரி என்றிருந்தது. ஒரு நாள் முழுக்க நான் யோசித்தேன். தமிழில் அந்த வாக்கியத்தை "ஒன்றுகூடச் சிவப்பு இல்லை" என்றும் படிக்கலாம், "எல்லாமே சிவப்பு என்று சொல்ல முடியாது" என்றும் படிக்கலாம். ஆங்கிலத்தில் மயக்கம் இல்லாத ஒன்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த வினை. "வட்டங்களில் சில மட்டுமே சிவப்பு" என்று கேட்டிருந்தால் என் மகள் ஏன் தவறாக எழுதப் போகிறாள்? அவள் தருக்கத்தில் பிழையே இல்லை. கேட்டவருடைய தமிழில்தான் பிழை.

டீச்சர் சொன்ன 48 துண்டை வைத்து இதை அழகாகக் காட்டலாம். "சிவப்பு வட்டம் அல்லாததை எல்லாம் எடு" என்றால் சிவப்பு வட்டம் நான்கு போக 44 துண்டு. "சிவப்பும் அல்லாத, வட்டமும் அல்லாத துண்டுகளை எடு" என்றால் 24 மட்டும்தான். இடையில் இரண்டு "உம்" வந்ததும் 20 துண்டு கையை விட்டுப் போய்விடுகிறது. தரையில் பரப்பி வைத்து என் மகள் எண்ணிப் பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டாள். இலக்கண வகுப்பில் எனக்கு யாரும் இப்படிக் காட்டவில்லை. அதனால் நான் இந்தக் கட்டைகள் வேண்டும் என்ற பக்கம். ஆனால் கேள்வியைத் தமிழில் யோசித்து எழுதத் தெரிந்தவர் எழுத வேண்டும்.

தேவிபட்டினம் அப்பா எழுதியது:

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதில் மனத்திறன் பகுதிக்கு மட்டும் 90 கேள்விகள். வடிவ வரிசை, சேராதது எல்லாம் அதில்தான் வருகிறது. உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரூபாய். படகுக் கூலியில் குடும்பம் நடத்துகிறவனுக்கு அந்த 48,000 ரூபாய் பெரிது. புதிர் நல்லதா என்ற வாதம் எனக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறது. பழக்கிவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

மண்டபம் நாட்டுப்படகு எழுதியது:

உச்சிப்புளித் தங்கை சொன்ன வாக்கியக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். அதை நண்டு வைத்துக் காட்ட முடியாது. நீல வட்டம், பச்சை முக்கோணம் என்று எல்லாச் சேர்க்கையும் கடலில் கிடைக்காது. ஆனால் தருக்கத்துக்குக் கரையில் இடம் குறைவு என்று டீச்சர் எழுதியது உறுத்துகிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இருட்டில் கடலில் நிற்கிறீர்கள். விதிப்படி விசைப்படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. படகு தெரியாது, விளக்கு மட்டும் தெரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படகு எந்தப் பக்கம் போகிறது? பச்சை மட்டும் தெரிந்தால்? சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்?

சிவப்பு மட்டும் என்றால் அதன் இடப்பக்கம் நம்மைப் பார்க்கிறது, ஆக அது நம் இடது கைப்பக்கம் போகிறது. பச்சை மட்டும் என்றால் வலது கைப்பக்கம். இரண்டும் தெரிந்தால் நேரே நம் மேல் வருகிறது, விலக வேண்டும். கண்டதை வைத்துக் காணாததைக் கணக்குப் போடுவது இது. எங்கள் பிள்ளைகள் பதினைந்து வயதில் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். அட்டை வைத்துக் கற்கவில்லை.

தொண்டி மெக்கானிக் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மண்டபம் அண்ணன் போட்ட புதிருக்கு என்னால் விடை சொல்ல முடியாது. விடை தெரியும். விளக்கு தெரியாது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் தெரியும். 19 வயதில், அப்பாவோடு கடலில் இருந்த இரவில்தான் வீட்டுக்கே தெரிந்தது. வலப்பக்கம் போகிறது என்று நான் சொன்ன படகு இடப்பக்கம் போனது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு வாரம் அப்பா என்னை என்ஜின் வேலை கற்கக் கரையிலேயே விட்டுவிட்டார். அதற்கு முன் பள்ளியில் பச்சைக்குப் பதில் சிவப்பு அடித்தேன் என்று பலமுறை கையில் அடி வாங்கியிருக்கிறேன். கவனம் இல்லை என்பார்கள். ஆண்பிள்ளைகளுக்கு இது தாய்வழியில் வருவது. தாய்க்குப் பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. வேதியியலில் பெயர் பெற்ற ஜான் டால்டனுக்கும் இருந்தது, 1794-இல் தன் கண்ணைப் பற்றித் தானே எழுதினார். அவருக்கே இருபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

டீச்சர், உங்களிடம் இரண்டு கேட்கிறேன். கட்டைகளில் சிவப்பு, நீலம், மஞ்சள் மட்டும் வையுங்கள், பச்சை சேர்க்காதீர்கள். நிறத்தோடு ஒரு குறியும் போடுங்கள்: சிவப்புக்கு ஒரு புள்ளி, நீலத்துக்கு ஒரு கோடு, மஞ்சளுக்கு ஒன்றும் வேண்டாம். இன்னொன்று, தனியாகச் சிவப்பும் பச்சையும் கொண்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு, வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு முறை பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் தப்புப் போடாதீர்கள், கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆறு வயதில் என்னிடம் யாராவது அதைச் செய்திருந்தால் அடி மிச்சம், அந்த இரவும் மிச்சம்.

மண்டபம் நாட்டுப்படகு எழுதியது:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. என் மகனுக்கு இப்போது பதினொன்று. நண்டைத் திருப்பிப் பார்த்துத்தான் பிரித்தானா, நிறத்தை வைத்துப் பிரித்தானா என்று நான் இதுவரை கேட்டதில்லை. மடலைப் பார்த்தே பிரித்திருக்கலாம் அல்லவா? இன்று இரவு கேட்கிறேன்.

டீச்சர், முதலில் நண்டு, பிறகு கட்டை என்பதில் நான் மாறவில்லை. ஆனால் கட்டை வேண்டாம் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். மீன் வந்த தெர்மாகோல் பெட்டி நிறையக் கிடக்கிறது, அனுப்பட்டுமா?

பாம்பன் மாலை வகுப்பு எழுதியது:

தெர்மாகோல் வேண்டாம் அண்ணன். வெட்டினால் உதிரும் மணியெல்லாம் திண்ணைக் காற்றில் நேரே கடலுக்குப் போகும். படகு வேலை நடக்கும் இடத்தில் பலகைத் துண்டு கிடைத்தால் போதும். மெலிந்ததில் 24, தடித்ததில் 24. ஒவ்வொன்றிலும் நான்கு வடிவமும் பெரிதில் மூன்று, சிறிதில் மூன்று. ஓரத்தைத் தேய்த்துக் கொடுங்கள், சிறு பிள்ளைகள் கையில் சிராய் ஏறும். வண்ணமும் குறியும் நான் போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் மேசையில் நண்டுதான் இருக்கும். உங்கள் மகனையும் அழைத்து வாருங்கள், அவனே பிள்ளைகளுக்குத் திருப்பிக் காட்டட்டும்.