அல்சைமர் உள்ள அம்மாவுக்காக வீட்டில் எதை மாற்றலாம்?

திருச்சி மகள்:
அம்மாவுக்கு 74 வயது, அல்சைமர் என்ற மறதிநோய். ராத்திரியில் கழிப்பறை தெரியாமல் பூஜை அறை வாசலில் போய் நிற்கிறார். கறுப்பு மிதியடியைத் தாண்டவே பயப்படுகிறார். முதலில் எதை மாற்றுவது?

கோவை மருமகள்:
மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கறுப்பு அவர்கள் கண்ணுக்குப் பள்ளம் மாதிரி தெரியலாம், என் அத்தைக்கும் அப்படித்தான். எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய வழி சொல்லும் சிகிச்சையாளர்) வீட்டுக்கே வந்து, அத்தை எழுந்து நடப்பதைக் கூடவே இருந்து பார்த்தார். படுத்திருக்கும்போதே கழிப்பறை கண்ணில் பட வேண்டும் என்று கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். இப்போது ராத்திரி முழுக்க அந்தக் கதவு திறந்திருக்கும், உள்ளே சின்ன விளக்கு எரியும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கழிப்பறைக் கோப்பை தனியாகத் தெரியாது, அதனால் சிவப்பு சீட் மாட்டினோம். உள்தாழ்ப்பாளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

வேலூர்க்காரர்:
துண்டு போடும் கம்பியைப் பிடிமானமாக நம்பாதீர்கள், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தனிக் கைப்பிடி வேண்டும். இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி பிரிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

திருச்சி மகள்:
சரி. அடுப்படிக்கு விடலாமா?

கோவை மருமகள்:
விடுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மட்டும் மூடி வையுங்கள். கீரை ஆயவும் பூண்டு உரிக்கவும் கொடுங்கள். சும்மா உட்காரவைத்த நாட்களில்தான் அத்தைக்குச் சாயங்காலம் பதற்றம் கூடுகிறது.