மெட்ஸ் கோப்பில் ஐடி வரும் இடமெல்லாம் பிழை. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஸ்கேன் செய்த நூல் ஒன்றுக்கு மெட்ஸ் கோப்பு (டிஜிட்டல் நூலின் படங்களையும் விவரங்களையும் ஒன்றாகத் தொகுக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு) எழுதிப் பழகி வருகிறேன். பக்கத்துக்கு ஒரு டிஃப் படம். கோப்புகளைப் பட்டியலிடும் ஃபைல்செக் பகுதியில் அவற்றுக்கு 0001, 0002 என்று ஐடி (அடையாளக் குறி) கொடுத்திருக்கிறேன். எடிட்டரில் எக்ஸ்எம்எல் சரியாகவே திறக்கிறது. ஆனால் மெட்ஸ் ஸ்கீமாவை (கோப்பின் அமைப்பு விதிகளை) வைத்துச் சரிபார்த்தால் ஐடி உள்ள எல்லா வரிகளிலும் பிழை. நூலின் தலைப்பு, ஆசிரியர் விவரங்களை மோட்ஸ் என்ற நூல்விவர வடிவத்தில் எழுதி, விவரங்களுக்கான டிஎம்டிசெக் பகுதியில் வைத்தேன். அதை எதோடு இணைப்பது என்றும் புரியவில்லை.

பதில் 1:
எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் ஐடி வகை மதிப்பு எண்ணில் தொடங்கக் கூடாது. முதலில் ஓர் எழுத்தோ அடிக்கோடோ வர வேண்டும். எஃப்_0001 என்பதுபோல முன்னொட்டு சேருங்கள். அதே மதிப்பு கோப்பில் வேறெங்கும் ஐடியாக வரக் கூடாது. ஐடியை மாற்றும்போது, நூலின் அமைப்பைக் காட்டும் ஸ்ட்ரக்ட்மேப் பகுதியில், கோப்பைச் சுட்டும் எஃப்பிடிஆர் உறுப்புகளில் இருக்கும் ஃபைல்ஐடியையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் சுட்டப்படும் கோப்பே இல்லை என்று அடுத்த பிழை வரும்.

பதில் 2:
மோட்ஸ் பற்றி: அது முழு நூலுக்கான விவரம், ஆகவே பக்கத்தோடு இணைக்க வேண்டாம். ஸ்ட்ரக்ட்மேப்பில் எல்லாவற்றுக்கும் வெளியே நூலைக் குறிக்கும் டிவ் உறுப்பு இருக்குமே, அதில் டிஎம்டிஐடி என்ற பண்பைச் சேர்த்து டிஎம்டிசெக்கின் ஐடியைக் கொடுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்கீமா குறை சொல்லாது, ஆனால் எந்த விவரம் எந்தப் பகுதிக்கு உரியது என்று மென்பொருளுக்குத் தெரியாமல் போகும். மெட்ஸின் முதல் பதிப்பில் ஸ்ட்ரக்ட்மேப் மட்டுமே கட்டாயப் பகுதி. படம், விவரம், உரிமைத் தகவல் எல்லாம் ஒன்றுசேர்வது அங்கேதான். கற்பவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் அதுதான் என்பேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐடி பிழைகள் போய்விட்டன! முன்னுரைப் பக்கங்களில் ரோமன் எண்கள் உள்ளன. அவற்றைப் பக்க வரிசைக்கான ஆர்டர் பண்பில் எழுதினால் ஏற்க மறுக்கிறது.

பதில் 2:
ஆர்டர் முழு எண்ணை மட்டுமே ஏற்கும். அட்டையிலிருந்து 1, 2, 3 என்று தொடர்ச்சியாகக் கொடுங்கள். தாளில் அச்சான எண்ணை ஆர்டர்லேபிளில் அப்படியே எழுதலாம், ரோமன் எண்ணானாலும் சரி. எண் அச்சாகாத பக்கத்துக்கு ஆர்டர்லேபிளே வேண்டாம்.

பதில் 1:
அப்புறம், ஒவ்வொரு ஃபைல் உறுப்பிலும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) மதிப்பையும் அதன் வகையையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். படம் பின்னாளில் சிதைந்தாலோ மாறினாலோ அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.