புதுப்பிப்பு: 19-18 ஆட்டத்தில் மைக்கனின் 15 புள்ளிகள்

1950 நவம்பர் 22 அன்று என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டத்தில் மினியாபொலிஸ் லேக்கர்ஸை ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் 19-18 என்று வென்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். லேக்கர்ஸின் 18-ல் ஜார்ஜ் மைக்கன் மட்டுமே 15 எடுத்தார் என்று சொன்னதும், மற்றவர்கள் என்னதான் செய்தார்கள் என்று சிலர் கேட்டார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம்.

லேக்கர்ஸ் போட்ட கூடைகள் மொத்தம் 4. நான்குமே மைக்கனுடையவை! அதில் 8 புள்ளிகள், ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும், தலா ஒரு புள்ளி தரும் தடையற்ற எறிதல்) 7. மற்ற அனைவரும் சேர்ந்து எடுத்த 3 புள்ளிகளும் ஃப்ரீ த்ரோதான். ஆனால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மைக்கனைக் கட்டுப்படுத்த பிஸ்டன்ஸ் பந்தை வேண்டுமென்றே கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. அப்போது அதைத் தடுக்க விதியே இல்லை. 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் விதி 1954-ல்தான் வந்தது. கடைசி நொடிகளில் வெற்றிக் கூடையைப் போட்டவர் பிஸ்டன்ஸின் லாரி ஃபௌஸ்ட்.