போட்டாய்க் குதிரைகள்: பழக்கினார்களா, வேறு சொல் வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பள்ளி மாணவர்களுக்கான தொல்லியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ‘டேமிங்’ (ஒரு விலங்கை வசப்படுத்துவது), ‘டொமெஸ்டிகேஷன்’ (ஓர் இனத்தையே தலைமுறைகளாக வசப்படுத்துவது) இரண்டையும் இதுவரை ‘பழக்குதல்’ என்றே எழுதிவந்தேன். வடக்குக் கஜகஸ்தானின் போட்டாய் பற்றிய இயலில் அது செல்லவில்லை.

தொல்லியலாளர் விக்டர் ஜைபெர்ட் 1980இல் அகழத் தொடங்கிய இடம் அது. கி.மு. 3500ஐ ஒட்டிய காலம். கிடைத்த எலும்புகள் ஏறத்தாழ எல்லாமே குதிரையுடையவை. மெலிந்த முன்னங்கால் எலும்பு, கடிவாளம் தேய்த்த பல், பானை ஓட்டில் ஊறிய குதிரைப்பால் கொழுப்பு என்று, அவை மனிதர் வளர்த்தவை என்பதற்கு மூன்று சான்றுகளை 2009இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். 2018இல் மரபணு வேறு கதை சொன்னது: அந்தக் குதிரைகளின் வழிவந்தவை மங்கோலியாவின் பிரஷெவால்ஸ்கி என்னும் காட்டுக் குதிரைகள், நம் காலத்து வண்டிக் குதிரைகள் அல்ல. பால் கறந்தவர்கள் இனத்தையும் தம் கைக்குள் கொண்டுவந்தார்களா? இதைக் கேட்கவே எனக்கு இரண்டு சொல் வேண்டும். ‘மனைப்படுத்தல்’ சரிவருமா?

———

தம்பி, மனை வேண்டாம். பனியைக் குளம்பால் கிளறித் தானே மேயும் விலங்குக்கு மனை எங்கே? ‘தொழுவாக்கம்’ என்று வையுங்கள். தொழு, தொழுவம், தொறு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. நடுகல்லில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று படிக்கிறோமே, மாட்டு மந்தையைக் குறிக்கும் அந்தத் தொறு. போட்டாய்ப் பண்பாட்டைச் சேர்ந்த ‘கிராஸ்னி யார்’ என்ற இடத்திலும் கம்பக் குழிகளும் சாணத்தால் பாஸ்பரஸ் மிகுந்த மண்ணும் இருந்த இடத்தைத் தொழுவம் என்றுதானே சொல்கிறார்கள்?

———

ஐயா, நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். ‘தொழு’ என்றால் பிள்ளைகள் காதில் கும்பிடுவதுதான் விழும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: காட்டுக் குதிரையைப் பிடித்துவந்தும் தொழுவில் அடைக்கலாம். அடைத்ததால் இனம் மாறிவிடாது. வகுப்பில் நான் யானையைத்தான் சொல்வேன். கும்கி பாகன் சொல் கேட்கும், ஆனாலும் அது காட்டு யானையேதான், பழகிய விலங்கு. மாடு அப்படியல்ல. எதை எதோடு சேர்ப்பது என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்து உருவான இனம். முன்னதற்குப் பழக்குதல், பின்னதற்கு ‘வளர்ப்பினமாக்கல்’. யாரும் பொருள் கேட்க மாட்டார்கள்.

———

சொல்லை நீங்கள் முடிவு செய்யுங்கள். பல்லைப் பற்றி ஒன்று. குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. கடிவாளம் கிடப்பது அங்கே. குதிரை நாக்கால் அதைப் பின்னுக்குத் தள்ளிக் கடைவாயின் முதல் பல்லில் வைத்துக் கடிக்கும். அந்தப் பல்லின் முன்விளிம்பு சரிவாகத் தேயும். 3 மி.மீ. சரிவு இருந்தால் கடிவாளம் போட்டது என்று தொல்லியலாளர்கள் டேவிட் அந்தோணியும் டார்கஸ் பிரவுனும் கணக்கு வைத்தார்கள். கடிவாளமே காணாத குதிரைக்கும் இப்படித் தேயலாம் என்று 2021இல் மறுப்பு வந்தது. கடிவாளத்துக்கு நிகண்டில் ‘கலினம்’ என்றும் பெயர். வடமொழியில் கலீன, கிரேக்கத்தில் கலினோஸ். குதிரை போன வழியே சொல்லும் போயிருக்கிறது! போட்டாயில் இரும்பு கிடையாது. வாரோ கயிறோதான் இருந்திருக்க வேண்டும். ‘கடிவாள இரும்பு’ என்று எழுதிவிடாதீர்கள்.

———

அனைவருக்கும் நன்றி. ‘கடிவாளத் தேய்வு’ என்று எழுதிவிட்டேன். ‘வளர்ப்பினமாக்கல்’ நாக்கில் இடறுகிறது. ஆனால் வோல்கா–டான் புல்வெளியில் தோன்றி கி.மு. 2200 வாக்கில் எங்கும் பரவத் தொடங்கிய நம் காலத்துக் குதிரையைச் சொல்லும் பத்தியில் அது அப்படியே பொருந்துகிறது. போட்டாய்ப் பத்தியில் ‘பழக்கினர், பால் கறந்தனர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

———

நிறுத்துங்கள், தம்பி. ஆனால் ‘இனமாக்கல்’ என்றால் இல்லாத இனத்தை உண்டாக்கியதாகப் பொருள் வரும். தொழுவில்தான் எல்லாம் தொடங்கியது. அடுத்த பதிப்புக்குள் மறுபடி எழுதுவேன்.