மறுமொழி: காரின் ‘கவுல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘முக்காடு’ என்ற பரிந்துரையைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். ‘கவுல்’ (cowl) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி துறவியின் தலைத்துணியைத்தான் காட்டும். காரில் இது எதையும் போர்த்துவதில்லை. முன்கண்ணாடி முடிந்து பானெட் தொடங்கும் இடத்தில், வைப்பருக்கு அடியில் உள்ள சல்லடைப் பட்டையைக் கழற்றினால் தெரியும் பள்ளம் இது. கண்ணாடியில் வழியும் மழைநீர் இதில் விழுந்து, மூலைத் துளைகள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். உள்ளே வரும் வெளிக்காற்றும் இந்தப் பள்ளத்திலிருந்துதான் இழுக்கப்படுகிறது. ‘கவுல்’ என்றே எழுதலாமே என்றால், பழைய நில ஆவணங்களில் கவுல் என்பது குத்தகை ஒப்பந்தம்; அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

இங்கே வந்த இன்னொரு பரிந்துரையான ‘நீர்த்தொட்டி’யை நான் எதிர்ப்பது பட்ட பாட்டினால். என் கார் 2001ஆம் ஆண்டு வண்டி. சென்ற ஐப்பசியில் இடப்பக்க முன்னிருக்கையின் கால்மிதி ஊறிக் கிடந்தது. மெக்கானிக் முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங்கை மாற்றினார். அடுத்த மழைக்கு மீண்டும் குளம். பிறகு மகனை டார்ச்சுடன் உள்ளே உட்காரவைத்து, நானே தோட்டக் குழாயைப் பிடித்தேன். கீழிருந்து மேலாக: சக்கர வளைவு, கதவின் அடி, கதவுக் கண்ணாடி, கடைசியில் முன்கண்ணாடி. மேலே தொடங்கினால் வழியும் நீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும், எங்கே புகுந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் பிடித்தபோது ஏழெட்டு நிமிடம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர் பெட்டியிலிருந்து கொட்டியது. அந்தத் தாமதம்தான் துப்பு. ஓட்டையாக இருந்தால் உடனே ஒழுகியிருக்கும். இது எங்கோ நிரம்பி வழிந்தது. பட்டையைக் கழற்றினால், வேப்பஞ்சருகு மட்கி எருவாகி இடமூலைத் துளையை அடைத்திருந்தது. நீர் ஏறி, காற்றுவாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது.

தொட்டி என்றால் நீர் நிற்பது இயல்பாகிவிடும். இங்கே நீர் நிற்பதே நோய்.

ஓட்டு வீட்டில் இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்துக்குக் கூடல்வாய் என்று பெயர். மழைக்கு முன் ஏறிச் சருகை அள்ளாவிட்டால் கூடத்தில் அண்டா வைக்க வேண்டியதுதான். அந்தப் பெயரையே முன்மொழிகிறேன். மூலைத் துளைக்குத் தூம்பு. ‘வடிகால்’ என்றதும் தெருவோரச் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது. தூம்போ ஏரிக்கரையின் அடியில் நீரை வெளியேற்றும் வழி.

* * *

ஐயா, தூம்பு சரி. கூடல்வாயில்தான் இடிக்கிறது. கூரையில் இரண்டு சரிவுகளும் பள்ளத்தை நோக்கி இறங்கும். பானெட் முன்பக்கமாக அல்லவா சரிகிறது? இன்னொன்று: ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அதே கால்மிதிதான் நனையும். அதையும் தூம்பு என்றால் குழம்பாதா?

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். கூரை விளிம்பில் மழைநீரை ஏந்திக்கொண்டு போகும் தகர வாய்க்காலை நாங்கள் பீலி என்போம். ஒரு சரிவுக்கு ஒரு பீலி. அதிலும் இலை அடைத்தால் நீர் சுவரில்தான் வழியும்.

* * *

அம்மா, கூடல்வாய் இடிக்கும் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நீர் வருவது கண்ணாடிப் பக்கத்திலிருந்து மட்டும்தான். கூடுவதற்கு இரண்டாவது சரிவு இல்லை. மூன்று நாள்களாகக் கூடல்வாயின் அழகில் மயங்கியிருந்தேன்.

யாழ்ப்பாண நண்பரின் பீலியை எடுத்துக்கொள்வோம். இங்கே பீலி என்றால் மயில்தான் நினைவுக்கு வரும் என்று யாரேனும் எழுதுவார்கள். ‘கண்ணாடிப் பீலி’ என்று சேர்த்து எழுதினால் மயில் பறந்துவிடும். துளை ‘பீலித்தூம்பு’. மற்றது ‘ஏ.சி. தூம்பு’. வெயில் நாளிலும் ஏ.சி. ஓடும்போது கால்மிதி நனைந்தால் ஏ.சி. தூம்பைக் குத்திப் பார்க்க வேண்டும்; மழைக்கு மட்டும் நனைந்தால் பீலித்தூம்பையும் பார்க்காமல் பீடிங்குக்குக் காசு கொடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் இவற்றைச் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கூடல்வாயை வேறு ஏதாவது பாகத்துக்குப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.