விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் தரவு அனுப்புதலை நிறுத்த வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். வழக்கறிஞரான என் அக்காவின் அலுவலகத்துக்கு விண்டோஸ் 11 ஹோம் பதிப்புள்ள கணினி ஒன்று வாங்கியிருக்கிறோம். கட்சிக்காரர்களின் வாக்குமூலங்களும் சொத்துப் பத்திரங்களும் அதில்தான் இருக்கப்போகின்றன என்பதால், அது வெளியே எதை அனுப்புகிறது என்ற கவலை எங்களுக்கு இருக்கிறது.

தனியுரிமை அமைப்புகளில் விருப்பத் தரவு, தட்டச்சு விவரப் பகிர்வு, விளம்பர அடையாளம் ஆகியவற்றை அணைத்துவிட்டேன். ஆனால் மைக்ரோசாஃப்ட் கட்டாயம் என்று வகைப்படுத்தும் தரவை முழுவதும் நிறுத்தும் வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகளுக்கே உண்டு. விண்டோஸின் உள்விதிகளை மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டர்கூட ஹோம் பதிப்பில் கிடையாது. விண்டோஸ் 10 அளவுக்கு மீறித் தரவு சேகரிப்பதாக 2016-இல் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்கை அனுப்பிய பிறகுதான் அந்தச் சேகரிப்பு கணிசமாகக் குறைந்தது என்பதால், வெளியிலிருந்து யாரும் வலியுறுத்தாமல் இதில் எதுவும் மாறாது என்றே நினைக்கிறேன்.

இந்தத் தரவைப் பின்னணியில் திரட்டி அனுப்பும் டயக்டிராக் (DiagTrack) சேவையை நிறுத்தியவர்கள் இருந்தால், பெரிய புதுப்பிப்புகளுக்குப் பிறகும் அது நின்றபடியே இருக்கிறதா என்று சொல்லுங்கள். தரவு போய்ச்சேரும் மைக்ரோசாஃப்ட் முகவரிகளை ரவுட்டரிலேயே தடுத்தால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பாதிக்கப்படுமா? விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாறவும் தயார். தமிழ்99 விசைப்பலகை அங்கே கிடைக்கிறது. நீதிமன்ற மின்தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி கருவி) லினக்ஸில் பயன்படுத்தும் வழக்கறிஞர்கள் யாரேனும் இருந்தால், டோக்கனின் வகையைக் குறிப்பிட்டு வழிமுறையை எழுதி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.