வட்டத்துக்குள் முக்கோணம்: சென்டர் அலைன் கொடுத்தும் நடுவில் இல்லாத மாதிரி தெரிகிறதே?

கோடுபோடுபவன்:
ஒரு சமையல் சேனலுக்கு லோகோ செய்துகொண்டிருக்கிறேன். வட்டத்துக்குள் வலப்பக்கம் பார்க்கும் ப்ளே முக்கோணம், கீழே ஒரு நிறப்பட்டையில் "மண்சட்டி" என்று பெயர், அவ்வளவுதான். கோரல்டிரா என்ற வரையும் சாஃப்ட்வேரில் வட்டம், முக்கோணம் இரண்டையும் பிடித்து சென்டர் அலைன் கொடுத்தாகிவிட்டது, எண்ணைப் பார்த்தால் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் முக்கோணம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிற மாதிரியே தெரிகிறது, கஸ்டமரும் அதையேதான் சொல்கிறார். இன்னொரு கேள்வி. எங்கள் ஆபீஸில் எந்த லோகோ செய்தாலும் அதன்மேல் கோல்டன் ரேஷியோ (1-க்கு 1.618 என்ற விகிதம்) வட்டங்களைப் போட்டு ஒரு ஸ்லைடு வைக்கச் சொல்கிறார்கள். இந்த ஜியாமெட்ரி எல்லாம் நிஜமாகவே டிசைனுக்கு உதவுகிறதா, இல்லை கஸ்டமரை மயக்கத்தானா?

கணக்குவாத்தி:
முதல் கேள்விக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும் தம்பி. சாஃப்ட்வேர் முக்கோணத்தைப் பார்ப்பதில்லை, அதைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் போட்டு அந்தச் செவ்வகத்தின் நடுவை வட்டத்தின் நடுவில் வைக்கிறது. முக்கோணத்தின் கனம் முழுக்க அடிப்பக்கத்தில் இருக்கிறது, கூர்முனைப் பக்கம் ஒன்றுமில்லை. அடிப்பக்கத்திலிருந்து முனைவரை உள்ள தூரத்தில் பாதியில் செவ்வகத்தின் நடு வரும், ஆனால் நடுக்கோட்டு மையம், அதாவது முனைகளிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குப் போடும் கோடுகள் வெட்டும் புள்ளி, மூன்றில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். வித்தியாசம் ஆறில் ஒரு பங்கு. உன் முக்கோணம் 60 பிக்சல் நீளம் என்றால் 10 பிக்சல் வலப்பக்கம் நகர்த்து. சமபக்க முக்கோணமாக இருந்தால் அப்போது மூன்று முனைகளும் வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும், அளந்து பார். சில பேருக்கு அது கொஞ்சம் அதிகமாக நகர்ந்த மாதிரி தோன்றும், அப்படியென்றால் ஒன்றிரண்டு பிக்சல் திரும்பக் கொண்டுவா. தப்பில்லை.

மைதொட்டி:
கோல்டன் ரேஷியோ ஸ்லைடு பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். தடிமனான கோட்டில் வட்டம் போட்டால் 1.5-உம் 1.618 ஆகத் தெரியும். வட்டங்களை வேண்டிய அளவுக்குப் போட்டுக்கொண்டே போனால் எந்த வளைவோடாவது ஒன்று பொருந்தத்தானே செய்யும், லோகோவை முடித்த பிறகு போடும் வட்டம் எதையும் வரைந்து கொடுக்கவில்லை, ஜோடனை மட்டும்தான். அதற்காக வட்டமே பொய் என்று சொல்ல வரவில்லை. 2012-இல் வந்த ட்விட்டர் பறவை நிஜமாகவே ஒன்றன்மேல் ஒன்று விழும் வட்டங்களிலிருந்து வெட்டி எடுத்தது, இறக்கை, தலை, வயிறு எல்லாம் வட்டத்தின் வில்தான், அதனால்தான் சின்ன அளவிலும் வளைவுகள் ஒரே குடும்பம் மாதிரி இருந்தன.

ஜியாமெட்ரி ஒரு பக்கத்தையே தூக்கி நிறுத்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் சுவிஸ் டிசைனர் யோசெஃப் ம்யூலர்-ப்ரோக்மன் 1955-இல் சூரிக் நகரத்து டோன்ஹாலே அரங்கக் கச்சேரிக்குச் செய்த பீத்தோவன் போஸ்டரைத் தேடிப் பாருங்கள். ஒரே மையத்தைச் சுற்றி வளையத் துண்டுகள், வெளியே போகப் போக ஒவ்வொன்றின் தடிமனும் இரட்டிப்பாகும். எழுத்தும் அந்த மையத்தை ஒட்டித்தான். படம் எதுவும் கிடையாது, ஆனாலும் சத்தம் பெருகுவது கண்ணுக்குத் தெரியும். அங்கே 1.618 எங்கே? வெறும் இரண்டால் பெருக்கல்தான்! தினமும் கையில் எடுக்கும் ஏ4 தாள்கூட 210-க்கு 297, அதாவது ரூட் 2. பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது, அதனால் ஏ3 போஸ்டரின் லேஅவுட்டை வெட்டாமல் கொள்ளாமல் ஏ5 நோட்டீஸாகச் சுருக்கலாம். கோல்டன் செவ்வகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அச்சுமங்கை:
கணக்குவாத்தி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வட்டத்தையும் சதுரத்தையும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வட்டம் சின்னதாகத்தான் தெரியும், ஏனென்றால் பரப்பு சதுரத்தில் 78.5 சதவீதம்தான். கூகிளின் மெட்டீரியல் என்ற டிசைன் விதிகளில் ஐகான் அளவு சதுரம் 18, வட்டம் 20 என்று வைத்திருப்பது இதற்காகத்தான். எழுத்திலும் இதே கதை. 1927-இல் வந்த ஃப்யூச்சுரா என்ற எழுத்துருவை எல்லோரும் சுத்த ஜியாமெட்ரி என்பார்கள், ஆனால் அதிலும் உருண்டை எழுத்துகள் அடிக்கோட்டைத் தாண்டி மயிரிழை வெளியே வரும், இல்லாவிட்டால் குள்ளமாகிவிடும்.

உங்கள் லோகோவில் முக்கோணத்தைவிடப் பெயர்தான் அதிகம் படுத்தும் என்று நினைக்கிறேன். "மண்சட்டி"யில் இரண்டு புள்ளியும் டி-யின் மேல்விலங்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, கீழே தொங்க பெரிதாக எதுவும் இல்லை. எழுத்தை கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிப் பட்டைக்குள் அலைன் கொடுத்தால் புள்ளியையும் சேர்த்து அளந்துவிட்டு, எழுத்தின் உடம்பைக் கீழே தள்ளிவிடும். ம-வின் உயரத்துக்கு ஒரு செவ்வகம் போட்டு, அதைப் பட்டையின் நடுவில் வைத்து, எழுத்தை அதோடு உட்கார வையுங்கள். இங்கிலீஷ் கேப்பிடலில் வேலை செய்து பழகினவர்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாது.

கோடுபோடுபவன்:
முக்கோணத்தை ஆறில் ஒரு பங்கு நகர்த்தினேன், சட்டென்று உட்கார்ந்துவிட்டது, நன்றி ஐயா. பெயரையும் அக்கா சொன்னபடி ம-வை வைத்துச் சரி செய்தாச்சு, ஆனால் இப்போது புள்ளிகள் பட்டையின் மேல் ஓரத்தை இடிக்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் அந்த ஸ்லைடுக்கு என்ன செய்ய?

அச்சுமங்கை:
பட்டையின் உயரத்தைக் கூட்டுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். மேலே எவ்வளவு கூட்டுகிறீர்களோ அதே அளவு கீழேயும்.

மைதொட்டி:
ஸ்லைடில் வரைந்தபோது நிஜமாகப் பயன்படுத்திய கோடுகளை மட்டும் போடுங்கள்: முக்கோணத்தின் மூன்று நடுக்கோடுகள், அவை வெட்டும் புள்ளியில் வட்டத்தின் மையம், ம-வின் உயரத்துக்கு இரண்டு கோடு. கஸ்டமர் ஏன் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கும். மேனேஜர் அப்போதும் கோல்டன் ரேஷியோ வட்டம் கேட்டால், அது உங்கள் பாடு.